பார்த்துக் கற்பதும் படித்துக் கற்பதும்

பட்டப்படிப்பை முடித்த மகனோ மகளோ நிரலாக்கம் கற்கப் போவதாக அறிவிக்கும் வீடுகள் இன்று நாட்டின் எந்த நகரத்திலும் உண்டு. இளையோர் மட்டுமல்லர், கணக்குப் பிரிவில் பதினைந்து ஆண்டுகள் எக்செல் கோப்புகளோடு மல்லாடிய பிறகு, இந்த வேலையைக் கணினியே செய்யும்படி நாமே எழுதிவிட்டால் என்ன என்று எண்ணும் நாற்பது வயதினரும் இவர்களோடு சேர்ந்திருக்கின்றனர். எந்தக் கணினி மொழியைக் கற்பது என்பது முதல் கேள்வி. அதற்கான விடையில் இப்போது பெரிய குழப்பம் இல்லை. தொடங்குவோர் பெரும்பாலும் பைத்தான் மொழியில்தான் தொடங்குகின்றனர். எங்கிருந்து கற்பது என்ற இரண்டாவது கேள்விதான் குடும்பத்தின் பணத்தையும் கற்பவரின் மாதங்களையும் தீர்மானிக்கிறது. நூல்களையும் ஆவணங்களையும் படிப்பதா? காணொளிகளைப் பார்ப்பதா?

இதைத் தனிப்பட்ட விருப்பம் சார்ந்த செய்தியாகவே பலரும் கருதுகின்றனர். படிப்பதில் நாட்டமுள்ளவர் படிக்கட்டும், பார்ப்பதில் நாட்டமுள்ளவர் பார்க்கட்டும் என்று சொல்லிவிடுகின்றனர். ஆனால் விலைப்பட்டியலைச் சற்று நோக்கினால் வேறொன்று புலப்படும். பல ஆயிரம், சில வேளைகளில் சில இலட்சம் ரூபாய் கட்டணம் கேட்கும் பயிற்சிகள் பெரும்பாலும் காணொளி வடிவில் இருக்கின்றன. பைத்தானை உருவாக்கிப் பராமரிப்பவர்களே எழுதி வெளியிட்டிருக்கும் அதன் முழு ஆவணமும், தொடக்கநிலைப் பாடம் உட்பட, ஒரு ரூபாய் கட்டணமும் இன்றிக் கிடைக்கிறது. விலை கூடியதே தரம் கூடியது என்னும் நம்பிக்கை, துணி வாங்கும்போது ஓரளவு பலிக்கலாம். இந்தத் துறையில் அது பலிப்பதில்லை.

காணொளியின் பயனைக் குறைத்து மதிப்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. முதல் சில நாட்களில் அதற்கு ஈடு இல்லை. மென்பொருளை எங்கே பதிவிறக்குவது, நிறுவும்போது எந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுப்பது, எழுதிய நிரலை எங்கே சேமித்து எப்படி இயக்குவது ஆகியவற்றை எழுத்தில் விளக்கினால் இரண்டு பக்கம் ஆகும். படித்த பிறகும் ஐயம் தீராது. திரையில் ஒருவர் செய்து காட்டினால் இரண்டு நிமிடத்தில் விளங்கிவிடும். பைத்தானில் வரிகளின் தொடக்கத்தில் விடும் இடைவெளிக்குப் பொருள் உண்டு. ஒரு வரி எந்தக் கட்டளைக்கு உட்பட்டது என்பதை அந்த இடைவெளியே கணினிக்கு உணர்த்துகிறது. அதை நூலில் படிக்கும்போது புதியவர் எளிதில் கடந்துவிடுவார். ஒருவர் விசையைத் தட்டும்போது வரி உள்ளே நகர்வதைக் கண்டவர் மறக்கமாட்டார்.

இதைவிடப் பெரிய பயன் மொழி. ஆங்கிலத்தில் அச்சிட்ட பக்கத்தைக் கண்டதும் மனம் சுருங்குகிற மாணவருக்கு, தாய்மொழியில் ஒருவர் பேசி விளக்கும் காணொளிதான் திறந்திருக்கும் வாயில். மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் இந்தத் தேவையை நன்கு உணர்ந்து உருவானது. ஏறத்தாழப் பத்து நிமிட அளவிலான அதன் பாடங்களில் திரையில் தெரியும் மென்பொருள் ஆங்கிலத்திலேயே இருக்கும்; விளக்கும் குரல் மட்டும் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் ஒலிக்கும். வேலைக்குச் சென்றால் அந்த ஆங்கிலத் திரையைத்தானே எதிர்கொள்ள வேண்டும் என்னும் தெளிவு இதில் இருக்கிறது. திரையின் ஒரு பாதியில் பாடத்தையும் மறுபாதியில் மென்பொருளையும் வைத்துக்கொண்டு, சற்றுப் பார்த்து, நிறுத்தி, தானும் செய்து பார்த்து, மீண்டும் தொடர வேண்டும் என்பது அத்திட்டம் வகுத்த முறை. இன்னொரு செய்தியும் குறிப்பிடத்தக்கது. அப்பாடங்கள் ஒவ்வொன்றும் முதலில் உரையாக எழுதப்பட்டு, சரிபார்க்கப்பட்டு, அதன் பிறகே பதிவு செய்யப்படுகின்றன. நல்ல காணொளிக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு நல்ல எழுத்து இருக்கிறது.

பிறகு எங்கே இடர்ப்பாடு தொடங்குகிறது?

சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் இருவர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. பாத்திரங்கள் அசையாமல் மேசை விரிப்பை உருவும் வித்தை, அம்பெறிதல், மூன்வாக் நடனம் போன்றவற்றின் காணொளிகளைச் சிலர் ஒரே ஒரு முறையும் சிலர் பல முறையும் பார்த்தனர். பல முறை பார்த்தவர்கள், தம்மால் அதைச் செய்ய முடியும் என்று மிகுதியாக நம்பினர். செய்யச் சொன்னபோது, ஒரு முறை பார்த்தவர்களைவிட அவர்கள் சிறப்பாகச் செய்யவில்லை. பார்க்கப் பார்க்க நம்பிக்கை வளர்ந்தது, திறமை வளரவில்லை. நிரலாக்கக் காணொளிகளை நாள்தோறும் மூன்று மணி நேரம் பார்த்தும், வெற்றுத் திரையின் முன் அமர்ந்தால் முதல் வரி எழுத வராமல் திகைக்கிற மாணவர்களின் நிலையும் இதுவே. அவர்கள் சோம்பேறிகள் அல்லர். ஆசிரியர் தடுமாறாமல் தட்டச்சு செய்வதைக் கண்டு, அந்தச் சரளத்தைத் தமது சரளமாக எண்ணிக்கொண்டவர்கள்.

இதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே காண்போம். வங்கி வாடிக்கையாளருக்குப் பழக்கமான மாதத் தவணைக் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். 1 இலட்சம் ரூபாய்க் கடன், ஆண்டு வட்டி 12 விழுக்காடு, அதாவது மாதம் 1 விழுக்காடு, 12 தவணைகள். ஒன்றுடன் மாத வட்டி விகிதத்தைக் கூட்டி, அதைப் பன்னிரண்டு முறை தன்னோடு தானே பெருக்கினால் ஏறத்தாழ 1.1268 வரும். அசலையும் மாத வட்டி விகிதத்தையும் இந்த எண்ணையும் பெருக்கி, அதே எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து வருவதால் வகுத்தால் மாதத் தவணை கிடைக்கும். விடை 8,885 ரூபாய். ஓராண்டில் செலுத்துவது 1,06,620 ரூபாய். பைத்தானில் இது நான்கைந்து வரி நிரல்தான். இத்தகைய பயிற்சியைக் காணொளியில் பார்ப்பவர் ஆசிரியர் தட்டச்சு செய்வதை அப்படியே எழுதுவார். விடை சரியாக வரும். மகிழ்ச்சியோடு அடுத்த காணொளிக்குச் செல்வார்.

இப்போது அவரே அந்த நிரலைச் சற்று மாற்றட்டும். கடன் தொகையை நிரலுக்குள் எழுதிவைக்காமல், பயன்படுத்துபவரிடம் கேட்டுப் பெறும்படி இன்புட் என்னும் கட்டளையைச் சேர்க்கட்டும். நிரல் நின்றுவிடும். திரையில் டைப் எரர் என்று தொடங்கும் ஒரு செய்தி வரும். இன்புட் கட்டளை எதைப் பெற்றாலும் அதை எழுத்துக் கோவையாகவே தரும், எண்ணாகத் தராது. நாம்தான் அதை எண்ணாக மாற்றவேண்டும். இது ஆவணத்தில் ஓரிரு வரியில் சொல்லப்பட்டிருக்கிறது. காணொளியில் எங்காவது சொல்லப்பட்டிருக்கலாம். ஆனால் எட்டு மணி நேரப் பாடத்தில் எந்த நிமிடத்தில் என்று எப்படித் தேடுவது? எழுத்தில் ஒரு சொல்லைத் தேட நொடிகள் போதும்.

அடுத்து, வட்டி விகிதத்துக்குப் பூஜ்யம் கொடுத்துப் பார்க்கட்டும். வட்டியில்லாத் தவணை என்று விளம்பரங்கள் சொல்கின்றனவே! நிரல் மீண்டும் நிற்கும். இம்முறை வரும் செய்தி ஜீரோ டிவிஷன் எரர். வட்டி பூஜ்யமானால் அந்த 1.1268-இன் இடத்தில் 1 வரும். அதில் ஒன்றைக் கழித்தால் பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்க இயலாது. வட்டி இல்லாத போது அசலைத் தவணைகளின் எண்ணிக்கையால் வகுத்தாலே போதும் என்று நிரலுக்குத் தனியே கற்பிக்கவேண்டும். இந்த இடத்தில்தான் ஒருவர் நிரலாளராகத் தொடங்குகிறார். அவருக்கு எதிரே இருப்பது ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒரு பிழைச் செய்தி. அதைப் படித்து, எந்த வரியில் என்ன நேர்ந்தது என்று உணர்வதே இப்போதைய வேலை. அச்செய்தியைக் கீழிருந்து மேலாகப் படிக்கவேண்டும் என்பது பலருக்கும் தெரிவதில்லை. இறுதி வரியில்தான் பிழையின் பெயரும் காரணமும் இருக்கும்.

இன்னும் ஒரு நுட்பம். தவணையை முழு ரூபாயாக்க ரவுண்டு என்னும் கட்டளையைப் பயன்படுத்தினால் 8,884.50 என்பது 8,885 ஆகும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். பைத்தான் 8,884 என்று தரும். சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுசெல்வது அதன் விதி. கணக்கியலில் இதற்கு வங்கியாளர் முறை என்றே பெயர் வழங்குகிறது. ஆவணத்தில் இது தெளிவாக எழுதப்பட்டுள்ளது. அறிமுகக் காணொளிகள் பெரும்பாலும் இதைத் தொடுவதில்லை. தொடாததில் தவறும் இல்லை, பார்ப்பவர் அஞ்சி ஓடிவிடுவார். ஆனால் பணத்தைக் கையாளும் நிரலை எழுத வேண்டியவருக்கு இது தெரிந்திருக்கவேண்டும்.

நிரல் என்பதே எழுத்து. கணினி நமக்குத் திருப்பிச் சொல்லும் செய்தியும் எழுத்து. பிறர் எழுதிய நிரலைப் புரிந்துகொள்வது வாசிப்பு. வேலையில் சேர்ந்த ஒருவர் தாம் எழுதும் வரிகளைவிடப் படிக்கும் வரிகளே மிகுதி. எனவே காணொளியில் தொடங்கலாம், அங்கேயே தங்கிவிட இயலாது. எந்த வாரத்தில் எழுத்தின் பக்கம் கடக்கப் போகிறோம் என்பதைத் தொடக்கத்திலேயே தீர்மானித்துக்கொள்வது நல்லது. என் மதிப்பீட்டில் மூன்றாவது வாரத்துக்கு மேல் தள்ளிப் போடக்கூடாது.

காணொளிக்கு மூப்பும் விரைவில் வருகிறது. பைத்தானின் மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரில் வெளிவந்தது. அதுவரை அடைப்புக்குறி இல்லாமல் எழுதிவந்த பிரின்ட் கட்டளைக்கு அதில் அடைப்புக்குறி கட்டாயமாயிற்று. இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் நாளோடு முடிந்தது. இடைப்பட்ட பதினோரு ஆண்டுகளில் பதிவான பழைய காணொளிகள் இன்றும் தேடலில் கிடைக்கின்றன. அவற்றைப் பார்த்து எழுதும் மாணவருக்கு முதல் வரியிலேயே பிழை வரும். தன் அறிவின் மீது ஐயம் கொள்வார். எழுத்தில் இருக்கும் ஆவணத்தை ஒரு வரி திருத்திவிட்டால் போதும். ஒவ்வொரு பதிப்புக்கும் உரிய ஆவணம் தனித்தனியே பெயரிட்டு வைக்கப்பட்டுமிருக்கிறது. காணொளியைத் திருத்துவதென்றால் மீண்டும் படம்பிடிக்கவேண்டும். பெரும்பாலோர் அவ்வாறு செய்வதில்லை.

நூல்களுக்கும் மூப்பு உண்டு என்று எதிர்வாதம் செய்யலாம். உண்டுதான். ஆனால் பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிட்சியும் சி மொழிக்கு 1978-இல் எழுதிய நூல், 1988-இல் ஒரே ஒரு முறை திருத்தப்பட்டு, இன்றும் மாணவர் கையில் இருக்கிறது. முந்நூறு பக்கம்கூட இல்லாத மெல்லிய நூல் அது. அதை விரைந்து படித்து முடித்தவர் எவரும் இருக்கமுடியாது. ஒவ்வொரு பத்தியும் நிறுத்தி, எழுதி, இயக்கிப் பார்க்கச் சொல்லும்.

இங்கே ஒருவர் குறுக்கிட்டு, ஆங்கிலம் தடையாக இருக்கும் மாணவரிடம் ஆவணத்தைப் படி என்பது அறிவுரையா, தண்டனையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நிரலாக்க ஆங்கிலம் நாவல் ஆங்கிலம் அன்று என்பதை அவரிடம் சொல்லலாம். வாக்கியங்கள் சிறியவை, சில நூறு சொற்களே திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு விளக்கத்துக்கும் கீழே இயக்கிப் பார்க்கத்தக்க எடுத்துக்காட்டு இருக்கும். எடுத்துக்காட்டை முதலில் இயக்கிவிட்டு, விடையைக் கண்ட பிறகு மேலேயுள்ள வாக்கியத்தைப் படித்தால் பாதிப் பொருள் தானே விளங்கும். இரண்டாவதாக, தமிழிலேயே எழுத்து உண்டு. தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் பைத்தானைக் கற்பிக்கிறது. அதன் தமிழ்வழிப் பதிப்பை இணையத்தில் கட்டணமின்றிப் பெறலாம். பள்ளிப் பாடநூல்தானே என்று ஒதுக்கவேண்டியதில்லை. கணியம் அறக்கட்டளை கட்டற்ற மென்பொருள்கள் குறித்து எளிய தமிழில் மின்னூல்களை வெளியிட்டு வருகிறது. தமிழ் நூலையும் ஆங்கில ஆவணத்தையும் அருகருகே வைத்துப் படிப்பவர், சில மாதங்களில் முதலாவதைத் திறக்க மறந்துவிடுவார்.

இரண்டையும் இணைக்கும் பாலமாக என்பிடெல் பாடங்களைச் சொல்லலாம். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து நடத்தும் இத்திட்டத்தில், சென்னைக் கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் பாடம் பல்லாயிரவர் கற்றது. காணொளிகளோடு உரை வடிவமும் வாராந்திரப் பயிற்சிகளும் உண்டு. பல பாடங்களின் உரை தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. பாடத்தைக் கற்பதற்குக் கட்டணம் இல்லை. தேர்வெழுதிச் சான்றிதழ் பெற விரும்புவோர் மட்டும் கட்டணம் செலுத்தினால் போதும். பாடத்தைப் பார்க்கும் முன் அதன் உரையை ஒருமுறை படித்துவிடுவது நல்ல பழக்கம். எந்த இடத்தில் ஐயம் எழுகிறது என்பது தெரிந்திருக்கும். காணொளியில் அந்த இடத்தில் காது கூர்மையாகும்.

காணொளியின் நீளத்தையும் கவனிக்கவேண்டும். எட்எக்ஸ் தளத்தின் நான்கு பாடங்களில் 69 இலட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து 2014-இல் வெளிவந்த ஆய்வு, ஆறு நிமிடத்துக்கும் குறைவான காணொளிகளிலேயே மாணவர் கவனம் நிலைத்ததாகக் கண்டது. பதினொரு மணி நேரத்தில் முழுப் பாடம் என்று பெருமையாக அறிவிக்கும் காணொளியைக் கண்டால் நான் சற்று ஒதுங்கிச் செல்வேன். சிறிய ஊர்களில் இணைப்பின் வேகமும் அன்றாடத் தரவின் வரம்பும் ஒரு காரணி. பைத்தான் ஆவணம் முழுவதையும் ஒரே முறை பதிவிறக்கி வைத்துக்கொள்ளலாம். அதற்கு ஆகும் தரவு, தெளிவான காணொளி ஒன்றைச் சில நிமிடம் பார்ப்பதற்கு ஆகும் அளவே. அதன் பிறகு இணைப்பே தேவையில்லை.

வாசகர் அனைவருக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. பதினான்கு வயதுச் சிறுவனுக்குக் காணொளி கூடுதல் நாட்கள் துணையிருக்கலாம். பெற்றோர் அருகில் அமர்ந்து, பார்த்ததை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதச் சொன்னால் போதும். கணக்குப் பணியில் இருக்கும் நாற்பது வயதினருக்கோ நேரமே அரிய பொருள். அவருக்குத் தேவை இரண்டு கோப்புகளை ஒப்பிட்டுப் பொருந்தாத வரிகளைப் பிரிக்கும் ஒரு நிரல். அவர் எழுத்திலேயே தொடங்கிவிடலாம். வேண்டிய பக்கத்தை மட்டும் தேடிப் படித்துவிட்டு வேலையை முடிப்பார்.

இனி பணத்துக்கு வருவோம். மேற்கூறிய இலவச வாயில்களில் இரண்டு மாதங்கள் உண்மையாகப் பயின்ற பிறகும், வழிகாட்டும் ஆசிரியரும் திருத்தித் தருபவரும் தேவை என்று தோன்றினால், கட்டணப் பயிற்சியில் சேர்வதில் பிழை இல்லை. அப்போது எதற்குப் பணம் தருகிறோம் என்பதைத் தெளிவாகக் கேட்கவேண்டும். பதிவு செய்த காணொளிகளுக்கு மட்டும் என்றால் அது மிகைச் செலவு. நாம் எழுதிய நிரலை ஒரு மனிதர் படித்துக் குறை சொல்வாரா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கேள்வி கேட்கலாம், பாடங்கள் எந்தப் பதிப்புக்கு உரியவை, கடைசியாக எப்போது திருத்தப்பட்டன ஆகியவற்றுக்கு எழுத்து வடிவில் விடை பெறவேண்டும்.

தவணையில் செலுத்தலாம் என்று சொல்லப்படும் இடங்களில் கூடுதல் எச்சரிக்கை தேவை. அது பல நேரங்களில் பயிற்சி நிறுவனத்துக்குச் செலுத்தும் தவணை அன்று. மாணவர் அல்லது பெற்றோர் பெயரில் ஒரு நிதி நிறுவனம் வழங்கும் கடன். தொகை நேரே பயிற்சி நிறுவனத்துக்குச் சென்றுவிடுவதால், கடன் வாங்கிய உணர்வே பலருக்கு வருவதில்லை. பயிற்சி பிடிக்காமல் பாதியில் நின்றுவிட்டால் தவணையும் தானே நின்றுவிடாது. செலுத்தத் தவறினால் அது கடன் அறிக்கையில் பதிவாகும். சில ஆண்டுகள் கழித்து வீட்டுக் கடன் கேட்கும்போது குறுக்கே வந்து நிற்கும். வட்டியே இல்லை என்னும் அறிவிப்பையும் அப்படியே ஏற்கவேண்டாம். பூஜ்ய விழுக்காடு வட்டி என்ற கருத்தே உண்மையில் இல்லாத ஒன்று என்று 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. அத்தகைய திட்டங்களில் வட்டி பெரும்பாலும் செயல்முறைக் கட்டணமாகவோ விலைக்குள் அடங்கியதாகவோ வேறு வடிவில் இருக்கும். ஒரே முறையில் செலுத்தினால் என்ன விலை என்று கேட்டுவிட்டு, மேலே கண்ட ஐந்து வரி நிரலில் அந்த எண்களை இட்டுப் பார்த்தால் மறைந்திருக்கும் வட்டி வெளிப்பட்டுவிடும்.

ரிசர்வ் வங்கியின் மின்னணுக் கடன் விதிகளின்படி, ஒப்பந்தத்துக்கு முன்பே முக்கிய விவர அறிக்கை ஒன்றைக் கடன் தருபவர் வழங்கவேண்டும். எல்லாக் கட்டணங்களையும் உள்ளடக்கிய ஆண்டு விகிதம் அதில் ஒரே எண்ணாக இருக்கும். கடனை ஏற்ற பின்னரும், குறிப்பிட்ட ஒரு குறுகிய காலத்துக்குள் அசலையும் அதுவரைக்குமான விகிதாசார வட்டியையும் திருப்பிச் செலுத்தி, அபராதமின்றி விலகிக்கொள்ளும் உரிமை கடன் வாங்கியவருக்கு உண்டு. அக்காலம் எத்தனை நாள் என்பதும் அந்த அறிக்கையிலேயே எழுதப்பட்டிருக்கும். கையொப்பமிடும் நாளிலேயே அதை நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, அந்நாட்களுக்குள் பயிற்சியின் முதல் பாடத்தை மட்டுமன்றி நடுவிலுள்ள ஒரு பாடத்தையும் இறுதிப் பாடத்தையும் திறந்து பார்த்துவிடுவது நல்லது. முதல் பாடம் எல்லாப் பயிற்சிகளிலும் நன்றாகவே இருக்கும்.